கச்சேரி வாசலிலிருந்து முருங்கன் காட்டுக்கு

முருங்கன் என்றால் ஒரு காலத்தில் களிமண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய களிமண் இங்கிருந்துதான் ரயிலேறிப் போனது. ஒருபக்கம் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பிய வயல்வெளி, மறுபக்கம் மடு வரை நீளும் காடு. 1978 ஏப்ரல் 7ஆம் திகதி அந்தக் காட்டுக்குள் ஒரு கொட்டிலைத் தேடிப் போன பொலிஸ் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் கூடப்போன மூவரும் உயிரோடு திரும்பவில்லை. தமிழ் இளைஞர்களின் இரகசியக் குழுக்களைத் துப்பறிவதில் அவர் பேர்போனவர். அந்த மாதம் முடிவதற்குள் விடுதலைப் புலிகள் ஒரு கடிதம் எழுதி அந்தக் கொலைக்கும் அதற்கு முந்திய பல கொலைகளுக்கும் உரிமை கோரினார்கள். வீரகேசரியில் அது வெளிவந்தது. ‘பெடியள்’ என்று ஊர் பொதுவாகச் சொல்லி வந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் அச்சில் ஒரு பெயர் கிடைத்தது.

அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு இதே மன்னார் மாவட்டத்தில் நடந்தது வேறு. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா, மன்னார் என்று பரவியது. தனிச் சிங்களச் சட்டத்தை நிர்வாகத்தில் நடைமுறைப்படுத்துவதற்கு எதிராகப் பெரியவர்களும் பெண்களும் இளைஞர்களும் கச்சேரி வாசலை மறித்து நிலத்தில் இருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் வடக்கு கிழக்கில் அரச அலுவல் முடங்கிக் கிடந்தது. அப்போது மன்னாரின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த வி. ஏ. அழகக்கோனும் தமிழரசுக் கட்சிக்காரர்தான்.

வாசலில் இருந்தவர்களின் ஊர், பதினேழு ஆண்டில் காட்டில் கொட்டில் போட்டவர்களின் ஊராகவும் ஆனது எப்படி? இந்தக் கேள்விக்கான பதில்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கின்றன. மன்னாரில் நின்று பார்த்தால் அவற்றில் சில பதில்கள் ஆட்டம் காண்கின்றன.

‘மக்கள் பொங்கி எழுந்தார்கள்’ என்பது மேடைப் பேச்சு. பொங்கற்பானைக்கு அது சரி, கீழே தீ இருந்தால் நேரம் வந்ததும் பொங்கிவிடும். சமூகங்கள் அப்படிப் பொங்குவதில்லை. அநீதியும் ஏமாற்றமும் கூடக்கூட வன்முறை வரும் என்பதை ஒரு கோட்பாடாகவே 1970இல் எழுதியவர் அமெரிக்க அறிஞர் டெட் கேர். தமக்கு உரியது என்று மக்கள் நினைப்பதற்கும் அவர்களுக்குக் கிடைப்பதற்கும் இடையிலுள்ள தூரமே கலகத்தின் வித்து என்றார். 2003இல் ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லெய்ற்றின் என்ற இருவர் இதை மறுத்தார்கள். குறை எல்லா நாட்டிலும் இருக்கிறது, ஆயுதக் கிளர்ச்சி சில இடங்களில்தான் வருகிறது, ஒளிய மலையும் காடும் இருந்து அரசும் பலவீனமாக இருந்தால் அது வரும் என்பது அவர்கள் வாதம். இந்த இரண்டையும் மன்னார்க் கரையில் உரசிப் பார்க்கலாம்.

முதலில் குறை. தமிழ் இளைஞர் ஆயுதம் ஏந்தியதற்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளித் தரப்படுத்தலே காரணம் என்று இன்றும் பாடம் போலச் சொல்லப்படுகிறது. யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்தும். ஆனால் 1970களின் நடுவில் அது மாவட்ட ஒதுக்கீடாக மாறியபோது, விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில கதவுகளைத் திறந்தே விட்டது. யாழ்ப்பாணப் பெற்றோர் கொதித்த அதே விதி நானாட்டானிலோ பேசாலையிலோ ஒரு பிள்ளைக்கு இடம் வாங்கிக் கொடுத்திருக்கக் கூடும். இருந்தும் மன்னார்ப் பெடியளும் இயக்கத்துக்குப் போனார்கள்.

இன்னும் பெரிய சான்று தலைமன்னார் இறங்குதுறை. 1948இல் குடியுரிமையும் அடுத்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டவர்கள் மலையகத் தமிழர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. தோட்டத்து லயங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்களைத் தலைமன்னார் வரை ஏற்றி வந்த ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். இந்தத் தீவில் அதுவரை வேறெந்தத் தமிழருக்கும் இழைக்கப்பட்ட அநீதியைவிட அது பெரிது. ஆயினும் ஆயுதப் போர் மலையகத்தில் பிறக்கவில்லை. குறைதான் போரின் அளவுகோல் என்றால் முதல் துப்பாக்கி ஹட்டனில் வெடித்திருக்க வேண்டும். அங்கே ஒரு பலமான தொழிற்சங்கம் இருந்தது. அதன் தலைவரோடு எந்த அரசாங்கமும் ஏதோ ஒரு கட்டத்தில் பேசியே ஆக வேண்டியிருந்தது. தேயிலை நின்றால் நாட்டின் வரவு நிற்கும். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் இருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடிபட்டால் ஓடுவதற்கு மலையகத்தாருக்குப் பின்னால் கடல் இல்லை.

மன்னாருக்குக் கடல் இருந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவுதான். 1914இலிருந்து கப்பலும் ரயிலும் சேர்ந்து கொழும்பையும் சென்னையையும் இந்த வழியாகவே இணைத்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. கப்பலில் போகாதவர்கள் வள்ளத்தில் போனார்கள். சேலையும் பீடி இலையும் வந்து போன அந்தப் பாதைகளைக் கரையோரத்தார் எந்த வரைபடமும் இல்லாமல் அறிவார்கள். காடும் உண்டு, கடலும் உண்டு. ஃபியரனும் லெய்ற்றினும் சொன்னதெல்லாம் இங்கே இருக்கிறது. ஆனால் 1961இலும் அதே காடுதான், அதே கடல்தான். அன்றைக்கு யாரும் காட்டுக்குள் போகவில்லை, கச்சேரி வாசலுக்குத்தான் போனார்கள். இடம் வசதி செய்து கொடுக்கும், புறப்படு என்று சொல்லாது.

ஆகவே இடையில் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். 1961 ஏப்ரலில் தமிழரசுக் கட்சி ஒரு படி மேலே போய்ச் சொந்தத் தபால் சேவை தொடங்கி முத்திரையும் வெளியிட்டது. விளையாட்டுப் போலத் தோன்றினாலும் அரசின் வேலையை நாமே செய்வோம் என்ற அறிவிப்பு அது. சில நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது. இராணுவம் வாசல்களைத் துப்புரவாக்கியது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். யாரும் கல்லெறியவில்லை, கத்தி எடுக்கவில்லை. அவர்களுக்கும் பதில் இராணுவம்தான். இந்த ஒரு விவரத்தை அன்றைய பத்து வயதுப் பிள்ளைகள் மனதில் எழுதி வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். 1978இல் அவர்களுக்கு இருபத்தேழு வயது.

அதற்கு முன்னும் பின்னும் எழுதிய ஒப்பந்தங்களின் கதை தெரிந்ததே. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்க தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பமிட்டார், 1958 ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து இருந்ததும் அதைக் கைவிட்டார். (வாசலில் இருப்பது பலிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா? யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.) 1965இல் டட்லி சேனநாயக்கவோடு செய்ததும் காகிதமாகவே கிடந்தது. 1972 குடியரசு யாப்பு, முந்திய யாப்பில் சிறுபான்மைக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டது. 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றிவிட்டது. 1974 ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸார் கூட்டத்தைக் கலைத்தபோது ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். இவை எல்லாம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடந்தவை, மன்னார் அவற்றைப் பேப்பரில் வாசித்தது.

1977 தேர்தலில் தமிழரசுக் கட்சியும் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணி தனித் தமிழீழம் கேட்டு 18 ஆசனங்களை வென்றது. மன்னார்த் தொகுதியில் வென்ற சூசைதாசனும் அந்தப் பதினெட்டில் ஒருவர். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் அமிர்தலிங்கம் அமர்ந்தார். அடுத்த மாதமே தெற்கில் கலவரம். அடிபட்ட மலையகத் தமிழர் பலர் வன்னிக்கும் மன்னார்ப் பெருநிலப்பரப்புக்கும் ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களை இருத்தியதில் காந்தியம் என்ற அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதன் தூண்கள். பெயர்தான் காந்தியம், உள்ளே ஆயுதக் குழுவின் தொடர்பு இருந்ததும் உண்மை. 1970களின் கடைசியில் தர்மசேவையும் தலைமறைவும் ஒரே திண்ணையில் இருந்தன. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் இறந்தார்.

முருங்கன் கொலைகளுக்கு அரசு சொன்ன பதில்தான் என் கண்ணுக்கு இந்தக் கதையின் முடிச்சு. 1978 மே மாதம் புலிகளையும் அவர்களைப் போன்ற பிற அமைப்புகளையும் தடைசெய்யும் சட்டம். 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம். 18 மாதம் வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம், பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமானது. பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, 1979 டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கச் சொன்னார் ஜனாதிபதி ஜெயவர்த்தன. அப்போது ஆயுதம் ஏந்தியவர்களைச் சில பத்துப் பேருக்குள் எண்ணிவிடலாம். சில பத்துப் பேரைத் தேடி ஆயிரக்கணக்கான வீடுகளைத் தட்டினால் என்ன நடக்கும்? துண்டுப் பிரசுரம் கொடுத்தவனுக்கும் குண்டு செய்தவனுக்கும் ஒரே அடி, ஒரே அறை. துண்டுப் பிரசுரம் கொடுப்பதற்கு என்று தனியாக ஒரு பாதுகாப்பு இல்லாமல் போனது.

இது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. வட அயர்லாந்தில் 1968 ஒக்டோபரில் டெரி நகரத்தில் வீட்டு ஒதுக்கீட்டுக்கும் வாக்குக்கும் நீதி கேட்டு நடந்த ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்துக் கலைத்தது. 1971 ஓகஸ்டில் விசாரணையில்லாத தடுப்புக்காவல் வந்தது. பிடிபட்டவர்களில் பலருக்கு ஆயுதத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை. 1972 ஜனவரி 30ஆம் திகதி அந்தத் தடுப்புக்காவலை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் இராணுவம் 13 பேரைச் சுட்டுக் கொன்றது. அதுவரை ஆட்களைத் தேடித் திரிந்த ஐ.ஆர்.ஏ.யைத் தேடி அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். 2011இல் சிரியாவின் தராவில் சுவரில் எழுதிய சிறுவர்களைப் பிடித்து அடித்ததில் தொடங்கிய கதையும் சில மாதத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மன்னார்க் கரையில் நின்று அக்கரையைப் பார்த்தால் வேறொரு பாடம் தெரிகிறது. தமிழ்நாட்டிலும் தனிநாடு கேட்டார்கள். 1963இல் இந்தியா யாப்பைத் திருத்திப் பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாமல் செய்தது. தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்தது. தீக்குளித்தார்கள், பொலிஸ் சுட்டது, பலர் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அதுவரை சிந்தாத அளவு இரத்தம் மதுரையிலும் கோவையிலும் சிந்தியது. ஆனால் இரண்டே ஆண்டில் அண்ணாதுரை முதலமைச்சர். மாணவராகத் தெருவில் நின்றவர்கள் சட்டசபைக்குப் போனார்கள். பிரிவினையைத் தடைசெய்த அதே டெல்லி, மாநில ஆட்சியை வெல்லும் வழியை மூடவில்லை. கொழும்பும் 1983 ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் என்று அதே போன்ற ஒரு சத்தியப் பிரமாணத்தைக் கொண்டுவந்தது. ஜூலைக் கலவரத்தில் தமிழர் எரிக்கப்பட்டார்கள், அடுத்த மாதம் அவர்களின் பிரதிநிதிகள் பிரிவினையை எதிர்த்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. கூட்டணியினர் மறுத்தார்கள், ஆசனங்களை இழந்தார்கள். இழந்ததற்கு ஈடாகப் போய் உட்கார மாகாண சபைகூட அப்போது இல்லை. மன்னாருக்கு அன்றிலிருந்து சில ஆண்டுகளுக்குப் பாராளுமன்றத்தில் தான் தெரிவுசெய்த ஆள் இருக்கவில்லை. முறையிட வேண்டுமானால் பங்குத்தந்தையிடம் போக வேண்டியிருந்தது, இல்லையென்றால் இயக்கத்திடம்.

இனி 1984. இந்த ஆண்டை மன்னார்க்காரர் மெதுவாகத்தான் பேசுவார்கள். வடகடலில் கண்காணிப்பு வலயம் வந்து, கரைவலைக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் தொழில் முடங்கியது. மீனவனைக் கடலிலிருந்து கரைக்குத் தள்ளிவிட்டுக் கரையில் சுற்றிவளைப்பு நடத்தினால் அவனுடைய மகன் எங்கே போவான்? ஓகஸ்டில் இராணுவத்தினர் மன்னார் நகரக் கடைகளை எரித்தார்கள். எரிந்தவற்றில் தமிழர் கடையும் இருந்தது, முஸ்லிம் கடையும் இருந்தது. டிசம்பர் 4ஆம் திகதி இராணுவ வாகனங்கள் கண்ணிவெடியில் சிக்கின. ஒரு சிப்பாய் இறந்தார். அதன் பிறகு முருங்கனிலும் மன்னார் வீதியிலும் துருப்பினர் கண்டவரைச் சுட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிச் சுட்டார்கள், தபாற்கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தவர்களையும் சுட்டார்கள். இறந்தோர் தொகை பதிவுக்குப் பதிவு வேறுபட்டாலும் பலவற்றில் அது நூறைத் தாண்டுகிறது.

கண்ணிவெடி வைத்தவர்களுக்கு இப்படி நடக்கும் என்று தெரியாதா? அந்தக் கேள்வியை அக்காலத்தில் ஊரில் கேட்டவர்கள் உண்டு, உரத்துக் கேட்டவர்கள் குறைவு. வைத்தவன் ஓடிவிடுவான், வயலில் நின்றவன் சாவான். செத்தவனின் தம்பி வைத்தவனைத் தேடிப் போவான். ஆயுதக் குழு ஒன்றுக்கு இதைவிட மலிவான ஆட்சேர்ப்பு இல்லை. இராணுவமே அதைச் செய்து கொடுத்தது. எதிர்ப்பு எந்த நாளில் போரானது என்று ஒரு திகதி கேட்டால் பலர் 1983 ஜூலை என்பார்கள். மன்னாரைப் பொறுத்தவரை நான் 1984 டிசம்பர் 4 என்பேன். ஒதுங்கி இருந்தால் தப்பலாம் என்ற நம்பிக்கை அன்று அந்த வீதியில் செத்தது.

அடுத்து நடந்ததைப் பலர் ஒரு வரியில் கடந்து போகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. டிசம்பர் 13ஆம் திகதி மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் முருங்கன் பகுதியில் கொல்லப்பட்டார், அவர் போன வாகனமும் எரிக்கப்பட்டது. 1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலையில் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் இராணுவத்தினரால் சுடப்பட்டார். அரசு தரப்பு அதை மறுத்தது. அவர் இந்தியாவுக்குப் போய்விட்டதாகக்கூடக் கதை வந்தது. இரண்டு பேரும் துப்பாக்கி எடுத்தவர்கள் அல்லர். மக்களுக்கு நேர்ந்ததை வெளியே சொல்லிவந்தவர்கள், அரச அதிகாரியிடமும் போய்ப் பேசக்கூடியவர்கள். இரண்டு கரைக்கும் நடுவில் பாலமாக இருந்தவர்களே முதலில் விழுந்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் அப்பாவிகளைத் தேடிக் கொல்வது வழக்கமானது. 1985 மே 14ஆம் திகதி புலிகள் அநுராதபுரத்துக்குள் புகுந்து பஸ் நிலையத்திலும் சிறிமகாபோதி வளாகத்திலும் சிங்களப் பொதுமக்களைச் சுட்டார்கள். வில்பத்து வழியாகத் திரும்பும்போதும் கொன்றார்கள். மொத்தம் 146 பேர். அதற்குத் தலைமை தாங்கியவர் மன்னார்த் தளபதி விக்டர் என்றே பதிவுகள் சொல்கின்றன. மன்னார்த் தீவின் பனங்கட்டிக்கொட்டு என்ற மீனவக் கிராமத்துப் பிள்ளை. 1986 ஒக்டோபரில் அடம்பனில் நடந்த சண்டையில் அவர் இறந்தார். வாசலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளை வயதுக்காரர் ஒருவர், புனித அரசமரத்தடியில் கும்பிட வந்தவர்களைச் சுடும் இடத்துக்கு வந்துசேர்ந்தார். அரசு செய்ததை எவ்வளவு அடுக்கினாலும் இது அதற்குள் கரைந்துபோகாது.

ஆயுதம் வந்த பிறகு எதிர்ப்பு எங்கே போனது என்பதும் இந்த ஆய்வுக்குள் வர வேண்டும். 1986இல் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்தார்கள், மற்ற இயக்கங்களையும் அடக்கினார்கள். அதற்குப் பிறகு தமிழருக்குள் மாற்றுக் கருத்துச் சொல்வதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலையானது. அரசு 1979இல் செய்ததைப் புலிகள் தமது ஆட்சிப் பகுதியில் செய்தார்கள். கேள்வி கேட்டவனுக்கும் காட்டிக்கொடுத்தவனுக்கும் ஒரே தண்டனை. மின்கம்பத்தில் கட்டிச் சுட்டு, ‘துரோகி’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள்.

1990 ஒக்டோபரில் மன்னாரில் நடந்தது அதன் உச்சம். மன்னார்த் தீவு தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடம். எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று பெரிய முஸ்லிம் ஊர்கள். மீன் ஏலத்திலும் கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். புலிகள் எருக்கலம்பிட்டியைச் சுற்றிவளைத்துப் பணத்தையும் நகையையும் எடுத்தார்கள். சில நாளில் ஒலிபெருக்கி அறிவிப்பு வந்தது. மாத முடிவுக்குள் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். மழைக்காலம். கரையில் பிள்ளைகளோடும் வயோதிபரோடும் வள்ளம் பார்த்துக் காத்திருந்து, கடல் வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். வடக்கு முழுவதும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேல், அதில் பாதியளவு மன்னார் மாவட்டத்தவர். 1984இல் தமிழர் கடையோடு சேர்ந்து எரிந்த கடைகளின் சொந்தக்காரர்களும் அந்தக் கரையில் நின்றிருப்பார்கள்.

அயல் தமிழர் என்ன செய்தார்கள் என்று கேட்டால் வெளியேறியவர்களே சொல்வார்கள்: அழுதார்கள், சாமான்களை வாங்கி வைத்துக் காத்துத் தந்தவர்களும் உண்டு, குருமார் போய்க் கேட்டும் பார்த்தார்கள். ஒரு கச்சேரி வாசலில் ஆயிரம் பேர் போய் இருப்பதற்கு மட்டும் யாராலும் முடியவில்லை. 1961இல் கொழும்பு அரசை எதிர்த்து அதைச் செய்தவர்கள்தான். முப்பது ஆண்டுக்குள் அந்தப் பழக்கமே அற்றுப்போயிருந்தது. ஆயுதப் போராட்டம் அறவழிப் போராட்டத்தின் அடுத்த படி என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். படி ஏறியவர்கள் கீழ்ப்படியையும் உடைத்துவிட்டே போனார்கள்.

அதற்குப் பிந்திய பதினெட்டு ஆண்டுகளை நான் விரித்து எழுதப் போவதில்லை. ரயில்பாதை அழிந்தது. மடுமாதா கோயில் வளாகம் அகதிகளின் ஊரானது, 1999 நவம்பரில் அங்கேயும் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2006 ஜூனில் பேசாலை வெற்றிமாதா கோயிலுக்குள் தஞ்சமிருந்தவர்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. 2007இலிருந்து சிலாவத்துறை, மடு, விடத்தல்தீவு என்று இராணுவம் ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னேறிய பாதையில் மன்னார் மாவட்டத்துச் சனமும் முள்ளிவாய்க்கால் வரை இழுபட்டது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் முன் அரச அலுவலகப் புள்ளிவிவரங்களைக் கூட்டிக் கழித்து ஒரு கேள்வி கேட்டார்: போரின் கடைசிக் கட்டத்தில் கணக்கில் வராமல் போன 1,46,679 பேர் எங்கே? மேரி பஸ்தியன் அடிகளார் சாகும்வரை செய்துவந்த வேலையின் தொடர்ச்சி அது. கேட்ட ஆயர் 2021 ஏப்ரலில் காலமானார். கேள்விக்குப் பதில் வரவில்லை.

அறிஞர்கள் உலகப் போராட்டங்களை எண்ணி வைத்திருக்கிறார்கள். எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டெஃபனும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஆராய்ந்து, ஆயுதம் ஏந்தாதவை ஏறத்தாழ பாதிக்குப் பாதி வென்றன, ஏந்தியவை காற்பங்கே வென்றன என்றார்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் 1979இல் ஒரு இளைஞன் உலகச் சராசரியைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. தகப்பன் வாசலில் இருந்ததையும் அதற்குக் கிடைத்ததையும் பார்த்து முடிவெடுக்கிறான். தோற்ற சத்தியாக்கிரகத்தின் பிள்ளைக்கு அந்தப் பாதிக்குப் பாதி என்ன ஆறுதல்?

மன்னாரில் மறுபடியும் ஒரு போராட்டம் எழுந்தது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைத் திட்டம் தீவின் தென்கரையில் 30 கோபுரங்களை நட்டது. வெள்ளம் வடிய வழியில்லை, மீன்பாடு குறைந்தது, பறவைகளின் பாதை மறிபட்டது என்பது சனத்தின் முறைப்பாடு. மேலும் கோபுரங்கள் வரப்போகின்றன என்றதும், கனிய மணல் அகழ்வுத் திட்டமும் சேர்ந்துகொண்டதும் 2025 ஓகஸ்டில் நகரத்தில் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கினார்கள். பிரஜைகள் குழுவும் குருமாரும் மௌலவிமாரும் மீனவர் சங்கங்களும் அதில் சேர்ந்தன. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார், பிறகு தொடரச் சொன்னார். அவருடைய கட்சி 1971இலும் 1987இலும் தானே ஆயுதம் எடுத்துப் பார்த்த கட்சி. எதிர்ப்பு எப்போது காட்டுக்குள் போகும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு காற்றாலையின் பெரிய உதிரிப்பாகங்களை ஏற்றிய வாகனங்கள் பொலிஸ் காவலோடு தீவுக்குள் வந்தன. மறித்தவர்களில் பெண்களும் குருமாரும் இருந்தார்கள், அடி அவர்களுக்கும் விழுந்தது. 29ஆம் திகதி மன்னாரில் கடையடைப்பு. பயங்கரவாதத் தடைச் சட்டம் 46 வயதாகியும் அப்போது சட்டப் புத்தகத்தில்தான் இருந்தது. அந்தப் பந்தலில் இருந்த இளைஞர்களுக்கு ‘இயக்கம்’ என்பது வீட்டில் பெரியவர்கள் குரல் தாழ்த்திச் சொல்லும் சொல். 1985இல் வங்காலையில் நடந்ததை மறைக்க, அடிகளார் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று ஒரு கதை போதுமாக இருந்தது. இந்த இரவில் அடித்தது எல்லார் போனிலும் பதிவானது. விடிவதற்குள் அந்தக் காட்சிகள் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டிருந்தன. அடிபட்டவர்கள் வைத்தியசாலைக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பந்தலில் வந்து இருந்தார்கள்.